எல்லாருக்கும் ஓம்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்தாம். மூன்றாம் கட்டிலில் ஆன்ட்டி. நான்காம் கட்டிலில் பவுனம்மா. கதவோரக் கட்டிலில், எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கும் ஒரு சீன அம்மா. அவர் எதையும் பார்க்கவில்லை, ஆனாலும் இருந்தார். பசியாறிய தட்டுகளை எடுக்க வந்த யாத்தி, இந்தோனேசியப் பெண். சமையல்கட்டுக்குப் போகும் வழி அந்த அறையைத் தாண்டித்தான் என்பதால், தோளில் கேஸ் தோம்போடு, அதாவது சிலிண்டரோடு, வந்து அப்படியே நின்றுவிட்ட, கேஸ் கொண்டு வரும் ரவி. சத்தம் கேட்டு ஓடி வந்த மிஸ்ஸி. பிறகு நான், கையில் மருந்துத் தட்டோடு. வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம், அன்று நடந்ததைப் பின்னால் ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். நான் சொல்வதாவது சரியாக இருக்கட்டும்.

ஈப்போவில், குனோங் ராபாட்டில் ஒரு மூலை வீடு அது. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்பு மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லம். அதை நடத்தியவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற சீனப் பெண்மணி. நாங்கள் எல்லாரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். காலை மருந்து கொடுப்பது என் வேலை. தட்டு கொடுப்பதும் எடுப்பதும் யாத்தியின் வேலை.

மருந்தை முடித்துவிட்டு நான் சீன அம்மாவின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ரவி ஆன்ட்டியைத் தாண்டும்போது, வாரா வாரம் கேட்பதைப் போலவே, "என்ன ஆன்ட்டி, சௌக்கியமா?" என்றான்.

"ஓம்," என்றார் ஆன்ட்டி.

அவன் இரண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்தான். "அக்கா, ஏன் ஆன்ட்டிக்கு இப்படி வேர்க்குது? ஃபேன் ஓடுதே."

நான் கிட்டே போனேன். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது.

"ஆன்ட்டி, தலை சுத்துதா?"

"ஓம்."

"நெஞ்சு வலிக்குதா?"

"ஓம்."

"வலிக்கலதானே?"

"ஓம்."

யாத்தி சிரித்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நல்ல நாளிலேயே ஆன்ட்டி அப்படித்தான் பேசுவார். அதனால்தான் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் முதல் வார்த்தையிலேயே தெரிந்திருக்கும்.

அவர் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஆன்ட்டி என்றே இருக்கட்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பவர்கள், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஈப்போதான். நில அலுவலகத்தில் முகப்பில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்விட்டார். ஒரே மகள், கோலாலம்பூரில். எங்களிடம் வந்தபோதே எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை, வாரியது கலையாத தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. மலாய், இங்கிலீஷ் எல்லாம் தண்ணீர் மாதிரி பேசுவார். ஆனால் எந்த மொழியில் பேசினாலும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை ஒன்று உண்டு. 'இல்லை' என்பதுதான் அது.

"ஆன்ட்டி, டீயில சீனி கம்மியா போடட்டுமா?" "ஓம்." "கொஞ்சம் போடட்டுமா?" "ஓம், கொஞ்சம் போடன்."

கேட்டவருக்கு எது பிடிக்குமோ அதுவே அவருக்கும் பிடிக்கும். சமையற்காரி குழம்புக்குத் தேங்காய்ப்பால் வேண்டும் என்றால் ஓம். மிஸ்ஸி, கிழவர்களுக்குத் தேங்காய்ப்பால் ஆகாது என்றால் அதற்கும் ஓம். இருவரும் சாப்பாட்டு மேசையில் நேருக்கு நேர் நின்றுகொண்டு, "ஆன்ட்டியே என் பக்கம்தான்," என்று சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆன்ட்டி நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பவுனம்மாவுக்கு இது நல்ல தீனி. அவர் பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் வேலை செய்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல், எதையும் மறைக்கத் தெரியாத வாய். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

"ஏன் ஆன்ட்டி, லேண்ட் ஆபீஸ்லயும் இப்படித்தான் சொல்லுவீங்களா? நெலத்து கிராண்ட் எப்ப வரும்னு கேட்டா ஓம், இந்த வருசம் வந்துருமான்னா ஓம். ஒங்க ஓம வாங்கிட்டுப் போனவன்ல எத்தன பேரு இன்னும் வீட்டு நெலத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கானோ லா!"

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரிப்பார். "ஓம், ஓம். இருப்பினம்."

அவர் வந்த முதல் நாளே மிஸ்ஸிக்கு இந்த விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் இல்லத்தில் ஒரு சட்டம். யார் வந்தாலும் அவரவர் கொண்டு வரும் மருந்து மாத்திரை எல்லாவற்றையும் மேசையில் கொட்டிக் காட்ட வேண்டும். தைலம், சூரணம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, ஒன்றையும் விடக்கூடாது. பார்த்து முடித்தபின் அவரவர் பெயரும் படமும் ஒட்டிய பெட்டியில் போட்டு, அலமாரியில் பூட்டிவிடுவோம். தலையணைக்குக் கீழே ஒரு வில்லைகூட இருக்கக்கூடாது.

ஆன்ட்டி ஒரு பெரிய பிஸ்கட் டின்னைத் திறந்து கவிழ்த்தார். நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மேசை நிறைந்துவிட்டது. மிஸ்ஸி பிரித்துப் பிரித்து வைத்தார். ரத்தக் கொதிப்புக்கு அரசாங்க கிளினிக்கில் கொடுத்தது ஒன்று. அதே மருந்து வேறு பெயரில், டவுனில் ஒரு தனியார் டாக்டர் கொடுத்தது ஒன்று. மூன்றாவதாக, மகள் ஒருமுறை கோலாலம்பூரில் கூட்டிப்போன ஸ்பெஷலிஸ்ட் கொடுத்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அறியாமல் எழுதியிருக்கிறார்கள்.

"ஏன் ஆன்ட்டி, ஏற்கெனவே மருந்து சாப்பிடுறேன்னு அவங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டேன்.

"அவர் தந்ததை இவரிட்ட காட்டினால் இவருக்கு மனம் நோகும்தானே, பிள்ளை."

"அப்ப மூணையும் சாப்பிட்டீங்களா?"

"ஓம். மூண்டு பேரும் நல்ல டொக்டர்மார்."

டின்னின் அடியில் பச்சைத் தூள் பாக்கெட்டுகள் வேறு இருந்தன. யாரோ ஒரு பெண் வீடு வீடாக விற்பவள், ஆன்ட்டியை மெம்பராகவே சேர்த்துவிட்டிருந்தாள். மிஸ்ஸி கிளினிக் மருந்தாளரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டித் திரும்பியபோது, அந்த மருந்து மலை ஒரு கைப்பிடியாகக் குறைந்திருந்தது. ரத்தக் கொதிப்புக்கு, சர்க்கரை நோயான இனிப்பு நீருக்கு, கொழுப்புக்கு. அவ்வளவுதான். "இனி இது மட்டும் போதும், சரியா?" என்று மிஸ்ஸி மலாயில் கேட்டார். ஆன்ட்டி மலாயிலேயே சம்மதம் சொன்னார். அந்தச் சம்மதத்தைக் கேட்டு மிஸ்ஸி நிம்மதியாகப் போனார். நானும்தான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள். சிம்பாங் பூலாய் பக்கத்தில் எங்கள் குடும்பம் வேலை பார்த்த எஸ்டேட் விற்றுப் போன வருடம் அது. மருந்துப் பெயரெல்லாம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். படித்த பிறகும் பெட்டியைப் பார்ப்பேன், படத்தைப் பார்ப்பேன், ஆளைப் பார்ப்பேன், மறுபடி பெட்டியைப் பார்ப்பேன். வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, விழுங்கியாகிவிட்டதா என்று வாயைத் திறக்கச் சொல்வேன். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை எடுத்த பிறகும் அலமாரி பூட்டியிருக்கிறதா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர், "ஒன்னைக் கட்டிக்கிட்டதுல வீட்டுப் பூட்டுக்குத்தான் ஆயுசு கொறஞ்சிருச்சு," என்பார்.

இவ்வளவு பயம் பிடித்தவளுக்கு ஆன்ட்டி பெரிய ஆறுதலாக இருந்தார். மற்றவர்கள் மாத்திரையைத் துப்புவார்கள், கன்னத்தில் ஒதுக்குவார்கள், என்னைத் திட்டுவார்கள். ஆன்ட்டி கையை நீட்டுவார், விழுங்குவார், நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டுவார். ஒரு நாள் மனசு கேட்காமல் கேட்டேன்: "ஆன்ட்டி, நான் இந்த வேலையை ஒழுங்காத்தான் செய்யுறனா?"

"ஓம், பிள்ளை."

அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்திருந்தேன்.

நோன்பு மாதத்தில் நடந்த ஒன்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அரசாங்க கிளினிக்கிலிருந்து ஒரு மலாய்த் தாதி அவ்வப்போது வந்து எல்லாரையும் பார்த்துவிட்டுப் போவார். அன்று அவருக்கு மிஸ்ஸி தண்ணீர் கொடுக்கப் போக, "நான் புவாசா," என்று சிரித்தபடி மறுத்தார். அவருக்கும் ரத்தக் கொதிப்பு உண்டாம். நோன்பு மாதத்தில் மருந்தை விடிவதற்கு முன் சாப்பிடும் நேரத்துக்கு மாற்றிக்கொள்வாராம்.

ஆன்ட்டி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோன்பு பிடிக்கிற எல்லாருக்கும் அப்படி மாற்றித் தருவீர்களா, இனிப்பு நீர் உள்ளவர்களுக்குமா என்று மலாயில் கேட்டார். அவராக ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"முன்கூட்டியே சொன்னால் டாக்டர் பார்த்து மாற்றுவார்," என்றார் தாதி. "சொல்லாமல் பிடித்தால்தான் ஆபத்து."

"ஓம்," என்றார் ஆன்ட்டி, தமிழிலேயே. நான் பக்கத்தில் நின்று ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து சில நாள்தான் இருக்கும். காலையில் பசியாறுவதற்கு முன் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்ப்பேன். ஆன்ட்டிக்கு அளவு இறங்கியிருந்தது. பவுனம்மாவுக்கு ஏறியிருந்தது. மறுநாள் ஆன்ட்டிக்கு இன்னும் கொஞ்சம் இறக்கம். பவுனம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றம். மூன்றாம் நாளும் அப்படியே. தராசு மாதிரி ஒன்று கீழே போக ஒன்று மேலே போகிறது.

மிஸ்ஸியிடம் காட்டினேன். "அவருக்கு இறங்கினால் நல்லதுதானே," என்றார். "இவர் தீபாவளி முறுக்கை ஒளித்து வைத்துத் தின்கிறார். தேடிப் பார்." பவுனம்மாவின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். முறுக்கு இருந்தது. ஆனால் இவ்வளவு ஏற்றத்துக்கு அந்த முறுக்கு போதாது என்று எனக்குத் தோன்றியது.

பிறகுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. இருவருக்கும் இனிப்பு நீர் மாத்திரை. இரண்டும் வெள்ளை. பவுனம்மாவுடையது வீரியம் கூடியது. நான் மாற்றிக் கொடுக்கிறேனா? மூன்றாம் பெட்டியிலிருந்து நான்காம் கட்டிலுக்கு? பெட்டியில் மீதமிருந்ததை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆனால் ஆளை மாற்றிக் கொடுத்தாலும் எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கும்! நேற்றுக் காலையை நினைத்துப் பார்த்தேன். ஆன்ட்டி கை நீட்டினார், நான் வைத்தேன். எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தேன்? பார்த்துத்தான் எடுத்தேன். பார்த்தேனா? யோசிக்க யோசிக்க எனக்கே நிச்சயம் இல்லாமல் போயிற்று.

நான்காம் நாள்தான், ரவி தோம்போடு வந்த நாள். அன்று காலை ஆன்ட்டியின் விரலில் இரண்டு தடவை குத்தியும் ரத்தம் சரியாக வரவில்லை. விரல் குளிர்ந்திருக்கிறது, பசியாறிய பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும், பெட்டியை நாலு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டினார். யாத்தி தோசைத் தட்டு வைத்தாள். அவள் திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது.

மிஸ்ஸி வந்ததும் ஆன்ட்டியின் விரலைத் தேய்த்துச் சூடாக்கி அவரே குத்திப் பார்த்தார். கருவியில் வந்த அளவைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "தேன்! சீக்கிரம்!" யாத்தி ஓடினாள்.

மிஸ்ஸி ஒரு விரலில் தேனைத் தொட்டு ஆன்ட்டியின் கன்னத்துக்குள் தடவப் போனார். ஆன்ட்டி பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். கண் பாதி செருகியிருக்கிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறது, ஆனால் வாய் மட்டும் இறுகிவிட்டது. எந்த மாத்திரைக்கும் தானாகத் திறந்த வாய் அது. மிஸ்ஸி உதட்டை விலக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஆன்ட்டி, கொஞ்சம் தேன் ஆன்ட்டி," என்று நான் கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர், உயிர் போகிற நேரத்தில் ஒரு சொட்டுத் தேனுக்கு மாட்டேன் என்கிறார்.

அப்போது நான்காம் கட்டிலிலிருந்து பவுனம்மா கத்தினார்: "மலரு! பிரசாதம்னு சொல்லு! பஞ்சாமிர்தம்னு சொல்லு, தொறப்பாங்க!"

ஏன் என்று கேட்க நேரமில்லை. ஆன்ட்டியின் காதோரம் குனிந்து, "ஆன்ட்டி, பஞ்சாமிர்தம். கோயில்ல இருந்து வந்திருக்கு. முருகன் பிரசாதம்," என்றேன்.

"ஓம்," என்றார். வாய் திறந்தது.

மிஸ்ஸி தேனைக் கன்னத்தின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். ரவி தோம்பை இறக்கி வைத்துவிட்டு ஆன்ட்டியின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெல்ல மெல்லக் கண் திறந்தது. நன்றாக விழுங்குகிறார் என்று தெரிந்த பிறகு சீனித் தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடி குத்திப் பார்த்தார் மிஸ்ஸி. பெருமூச்சு விட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்று காலை என்ன கொடுத்தாய்?"

நான் சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது வேறு ஒன்றும் தோன்றவில்லை. "மிஸ்ஸி, நான்தான் மாத்திரையை மாத்திக் குடுத்துட்டேன். மூணாங் கட்டிலுக்கும் நாலாங் கட்டிலுக்கும். நாலு நாளா அப்படித்தான் நடந்திருக்கணும்."

"பார்த்தாயா? மாற்றியதை நீ பார்த்தாயா?"

"பார்க்கல. ஆனா வேற எப்படி?"

மிஸ்ஸி என் கையிலிருந்த மருந்துத் தட்டை வாங்கினார். அலமாரிச் சாவியைக் கேட்டார், கொடுத்தேன். இன்றிலிருந்து மருந்தை நீ தொடக்கூடாது என்றார். மகளுக்குச் சொல்ல வேண்டும், கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும், இரண்டு பேருடைய மாத்திரையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்று போனை எடுத்தார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்பது அப்புறம்தான். ஓர் உயிரைக் கொல்லப் பார்த்தேனே என்றுதான் இருந்தது.

"இல்லை."

யார் சொன்னது என்று முதலில் தெரியவில்லை. அந்தக் குரலில் அந்த வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை. மிஸ்ஸி போனை இறக்கினார்.

"இல்லை," என்றார் ஆன்ட்டி மறுபடியும். ரவியின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிரப் பார்த்தார். "பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்லை. மருந்து சரி. நான்தான் சாப்பிடேல்லை."

"தட்டு காலியாத்தானே இருந்துச்சு, ஆன்ட்டி!"

ஆன்ட்டி நான்காம் கட்டிலைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் நான்காம் கட்டிலைப் பார்த்தோம். பவுனம்மா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"என்னா அப்படிப் பாக்குறீங்க? கந்த சஷ்டி லா! ஆன்ட்டி வெரதம். காலையில தோச, மத்தியானம் சோறு, எல்லாம் எனக்குத் தள்ளி வுட்டுருவாங்க. பொழுது சாஞ்சாதான் பாலும் பழமும். வெரதக்காரவங்க குடுக்குற சோத்த நா எப்படி வேணாங்குறது? சாமிக் குத்தம் ஆவாது?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லாதன்னாங்க. சரின்னுட்டேன். அவுங்கதான் எல்லாத்துக்கும் ஓம்னு சொல்லுவாங்களா? நாமளும் ஒண்ணுக்குச் சொல்லிப் பாப்பமேன்னுதான்."

ரவி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. மாத்திரை இடம் மாறவில்லை. தோசைதான் இடம் மாறியிருக்கிறது. நான் மாத்திரை விழுங்கியதைப் பார்த்தேன். யாத்தி தட்டு காலியானதைப் பார்த்தாள். நடுவில் சாப்பிட்டாரா என்பதை யாருமே பார்க்கவில்லை. சாப்பாடு இல்லாத வயிற்றில் அந்த மாத்திரை ரத்தத்திலிருந்த கொஞ்சநஞ்சச் சீனியையும் இறக்கிக்கொண்டே போயிருக்கிறது.

"விரதம்னா மருந்தையாவது விட்டிருக்கலாமே," என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான். ஆனாலும் கேட்டேன்.

"மருந்து எடுக்கிறன் எண்டு உனக்குச் சொன்னனான்தானே, பிள்ளை."

ரவிதான் ஆன்ட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்தான். மிஸ்ஸி கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். போகும்போது சாவியை என் கையில் திணித்துவிட்டுப் போனார். தோம்பு அறை நடுவிலேயே நின்றது.

சனிக்கிழமை மகள் வந்தார். அம்மாவைப் போலவே மூக்கு நுனியில் கண்ணாடி. நான் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"அம்மா, இனி விரதம் பிடிக்கிறதில்லை எண்டு எனக்குப் பிராமிஸ் பண்ணினீங்கள்தானே?"

"ஓம்."

"பிறகு ஏன் பிடிச்சீங்கள்?"

ஆன்ட்டி விரலால் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "நீ பிறக்க வேணும் எண்டு பிடிக்கத் துடங்கின விரதம். உனக்கு ஓம் சொல்ல முந்தியே முருகனுக்கு ஓம் சொல்லிப்போட்டன். யாரிட்டப் போய் இல்லை எண்டு சொல்லுறது?"

மகள் ஜன்னல் பக்கம் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்தே, "அதை எனக்குச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"ஓம்," என்றார் ஆன்ட்டி.

அதன் பிறகு மிஸ்ஸி வேலையை மாற்றி வைத்தார். இனிப்பு நீர் மாத்திரை கொடுப்பவரே தட்டையும் வைக்க வேண்டும், சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர வேண்டும். புதிதாக யார் வந்தாலும் மருந்தைக் கொட்டச் சொல்லும்போதே, என்னென்ன விரதம், எந்த மாதம், எந்தக் கிழமை என்றும் கேட்டுவிட வேண்டும். மறுவருடம் சஷ்டிக்கு முன்பே நானே அந்த மலாய்த் தாதியிடம் சொன்னேன். "முருகன் புவாசாவா? போன வருடமே சொல்லியிருக்கக்கூடாதா?" என்று அவர் ஆன்ட்டியின் கையைத் தட்டினார். அந்த ஆறு நாளுக்கும் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதை எப்போது கொடுப்பது என்று டாக்டர் தனியாக எழுதித் தந்தார். ஆன்ட்டி பாலும் பழமும் எடுத்துக்கொண்டு, விரல் குத்தலுக்கும் கை நீட்டிக்கொண்டு, ஆறு நாளையும் முடித்தார். பவுனம்மாவுக்குத்தான் வருத்தம். "இப்ப வாயில வைக்கிறப்பகூட போலீஸ்காரி மாதிரி நிக்கிறாளே," என்று என்னைப் பார்த்தாலே முணுமுணுப்பார்.

எனக்கு மட்டும் ஒன்று தீரவில்லை. அதற்கு முன் ஆன்ட்டி எனக்குச் சொன்ன ஓம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். நன்றாகத் தூங்கினீங்களா? ஓம். கால் வலி போச்சா? ஓம். மகள் வராதது ஒன்றும் வருத்தமில்லையே? ஓம். இதில் எது நிஜம்? அவர் பொய் சொன்னார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரில் நிற்பவர் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. ஆனால் அவருக்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை எனக்குத் தெரிந்ததா? நான் வேலையை ஒழுங்காகச் செய்கிறேனா என்று கேட்டதற்குச் சொன்ன ஓம்கூட இப்போது எனக்குக் கணக்கில் வரவில்லை. அவர் சொன்னதில் நான் முழுசாக நம்புவது அந்த ஒரு 'இல்லை'யைத்தான். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும், அதுவும் அந்த நிலைமையில், என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது.

மகள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக வந்தார். மருந்துப் பெட்டியைத் திறந்து காலை எது, இரவு எது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். பவுனம்மா கட்டிலிலிருந்தே, "போயிட்டு வாங்க ஆன்ட்டி, இனிமே என் வயிறு காயட்டும்," என்று அழுதார். ஆன்ட்டி அவர் கன்னத்தைத் தடவினார்.

காரில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டிவிட்டேன். "ஆன்ட்டி, அங்கே போய் விரதம் வந்தா முன்கூட்டியே சொல்லிருவீங்கதானே?"

"ஓம், பிள்ளை," என்றார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எந்த ஓம் அது என்று தெரியாமல் நான் அப்படியே நின்றேன். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு மகள் பக்கம் ஓடினேன். அவர் இன்ஜினைப் போட்டுவிட்டு, போனில் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆன்ட்டி ஓம்னு சொன்னா அதோட விட்டுறாதீங்க. தட்டைப் பாருங்க. வாய்க்குப் போகுதான்னு பாருங்க. பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னும் பாருங்க."

மகள் கார்க் கதவின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே, போனிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார். அதே சிரிப்பு.

"ஓம், ஓம்," என்றார்.